குதிரைக் கொம்பல்ல, குதிரைச் சவாரி!
ஸ்ரௌவ்வில் பண்ணை வேலிக்கு அப்பால் ஒரு பார்வை

ஸ்காபரோவிலிருந்து மார்க்கம் வீதி வழியே வடக்கே போய்க்கொண்டிருந்தால், மார்க்கம் நகரைக் கடந்த சிறிது நேரத்தில் வீடுகள் குறைந்து வயல்கள் தொடங்கும். வெள்ளை மரவேலிகள் தெரியும். வேலிக்குள் குதிரைகள் மேயும். காரின் பின் ஆசனத்தில் இருக்கும் பிள்ளைகள் "குதிரை! குதிரை!" என்று கத்துவார்கள். நாமும் ஒரு கணம் வேகத்தைக் குறைத்துப் பார்ப்போம். பிறகு, "அது பணக்காரரின் விளையாட்டு" என்று சொல்லிக்கொண்டு போய்விடுவோம். ஸ்ரௌவ்விலில் வீடு வாங்கிக் குடிவந்த எம்மவரில் பலர்கூட அந்த வேலியைத் தாண்டி உள்ளே போனதில்லை.

குதிரைச் சவாரி எமக்குக் குதிரைக் கொம்புதான் என்று நாமும் நெடுநாள் நினைத்திருந்தோம். விசாரித்துப் பார்த்தபோதுதான் அது முழு உண்மையல்ல என்று தெரிந்தது. குதிரை வாங்க வேண்டியதில்லை. போட்டிக்குப் போகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் வேலை செய்ய மனம் வேண்டும். இந்நாட்டுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு, நாம் அறிந்தவற்றை இங்கே தருகின்றோம்.

லாயத்து வாசலில்

சென்ற இலையுதிர்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் நாம் சில குடும்பத்தினர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரௌவ்விலுக்கு வடக்கே உள்ள ஒரு பண்ணைக்குப் போயிருந்தோம். எம்மோடு நெடுந்தீவைச் சேர்ந்த முதியவர் ஒருவரும் வந்தார். கனடா வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வழி முழுவதும் அவர் வாய் திறக்கவில்லை. லாயத்து வாசலில் கபில நிறக் குதிரை ஒன்று தலையை நீட்டியதும், பேத்தி பயந்து பின்வாங்கினாள். முதியவர் உள்ளங்கையை விரித்து அதன் மூக்கருகே பிடித்தார்.

"முதலிலை உன்னை மணக்கவிடு பிள்ளை. பிறகு தொடு."

"அம்மப்பா, உங்களுக்குக் குதிரை ஓடத் தெரியுமோ?"

"ஓடினதில்லை. எங்கடை ஊரிலை அதுகள் தன்பாட்டிலை திரியும். கோடையிலை தண்ணி தேடிக் கிணத்தடிக்கு வரும். அள்ளி ஊத்துவம்."

அவர் சொன்னதைப் பயிற்சியாளருக்கு ஆங்கிலத்தில் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமும் இதுதான்" என்றார். திரும்பி வரும் வழியில் முதியவர்தான் அதிகம் கதைத்தார்.

எமக்கு அந்நியமானதா?

குதிரை எமக்குப் புதிதல்ல. நெடுந்தீவில் ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் கொண்டுவந்து வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்றும் கட்டாக்காலியாகத் திரிகின்றன. அத்தீவின் ஒரு பகுதி 2015 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. எமது கோயில்களில் வேட்டைத் திருவிழா அன்று சுவாமி குதிரை வாகனத்தில்தான் எழுந்தருளுவார். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மாட்டுவண்டிச் சவாரி பார்க்கச் சவாரித் திடலில் நின்றவர்களுக்கு, ஒரு மிருகத்தைப் பழக்கி, அதன் வேகத்தை அறிந்து, அதோடு சேர்ந்து ஓடுவது என்றால் என்ன என்று நாம் விளக்கத் தேவையில்லை.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். குதிரை என்றதும் எமது பெரியவர்கள் சிலருக்குக் கொழும்பின் 'ரேஸ் புக்கி'க் கடைகள்தான் நினைவுக்கு வரும். அதில் குடும்பக் காசைத் தொலைத்தவர்களை அவர்கள் கண்டிருக்கிறார்கள். சிறுவர் சவாரிக் கழகங்களுக்கும் பந்தயம் கட்டுவதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. இங்கே கிடைப்பது ஒரு துணி நாடாவும் கைதட்டலும் மட்டுமே.

ஸ்ரௌவ்வில் என்ற ஊரே புலம்பெயர்ந்து வந்தவர்கள் உண்டாக்கியதுதான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து குதிரை வண்டிகளில் வந்த மெனோனைற் சமயத்தவரான ஏபிரகாம் ஸ்ரௌவர் 1804 ஆம் ஆண்டில் இங்கு குடியேறினார். அவர் பெயரே ஊருக்கு நிலைத்தது. மெனோனைற் மக்கள் ஆயுதம் ஏந்த மறுப்பவர்கள். இன்று ஊரைச் சுற்றியுள்ள பண்ணை நிலங்களில் பெரும்பகுதி ஒன்ராறியோவின் பசுமை வலயச் சட்டத்தால் பாதுகாக்கப்படுவதால், ரொறன்ரோவுக்கு இவ்வளவு அருகில் இன்னும் லாயங்கள் இருக்கின்றன. 1924 இல் தொடங்கிய யோர்க் பிராந்தியக் காட்டின் பாதைகளில் குதிரையில் செல்வோரையும் காணலாம்.

இரண்டு பழைய அமைப்புகள்

பிள்ளைகளுக்கான அமைப்புகளில் இரண்டை எம்மவர் அறிந்திருப்பது நல்லது.

முதலாவது போனி கிளப். 'போனி' என்பது சிறு இனக் குதிரை. 1929 இல் பிரித்தானியாவில் தொடங்கிய இக்கழகம் 1934 இல் ரொறன்ரோவின் எக்ளின்ரன் வேட்டைக் கழகத்தின் வழியாகக் கனடாவுக்கு வந்தது. இன்று நாடெங்கும் கிளைகள் உள்ளன. பாடசாலை வகுப்புப்போல இங்கும் படிகள் உண்டு. ஆரம்பப் படிகளில் தொடங்கி, உச்சப் படியான 'ஏ' வரை போகலாம். ஒவ்வொரு படியிலும் சவாரிக்கு மட்டுமன்றிக் குதிரையைப் பராமரிப்பதற்கும் பரீட்சை உண்டு. தீனி, குளம்பு, காயம், நோய், சேணம் எல்லாவற்றிலும் கேள்வி வரும். 'குவிஸ்' என்ற அறிவுப் போட்டியும் நடத்துகிறார்கள். அதில் பங்குபற்றக் குதிரை தேவையில்லை. படிப்பில் கெட்டியான எமது பிள்ளைகளுக்கு அது நல்ல வாசல்.

இக்கழகத்தில் 'பிரின்ஸ் பிலிப் விளையாட்டுகள்' என்று ஒன்றும் உண்டு. விலையுயர்ந்த குதிரை இல்லாத பிள்ளைகளும் போட்டியிட வேண்டும் என்று, பிரித்தானிய மகாராணியின் கணவர் பிலிப் இளவரசரின் யோசனைப்படி 1957 இல் ஆரம்பித்தது. கொடி பிடுங்கி ஓடுவது, கரண்டியில் முட்டை ஏந்துவது போன்ற அஞ்சல் ஓட்டங்கள்தான். எமது பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியைக் குதிரை மேல் ஏற்றியதுபோல இருக்கும்.

இரண்டாவது 4-எச். 1913 இல் மனிற்றோபா மாகாணத்தின் றோலன்ட் என்ற சிற்றூரில் கனடாவில் முதன்முதல் தொடங்கிய கிராமப்புற இளைஞர் இயக்கம் இது. தலை, இதயம், கை, சுகம் ஆகிய நான்குக்குமான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தே இந்தப் பெயர். செய்து பழகு என்பதே இதன் கொள்கை. ஒன்ராறியோவில் 9 வயது முதல் 21 வயது வரையானோர் சேரலாம். 6 முதல் 8 வயதுச் சிறுவருக்குத் தனிப் பிரிவு உண்டு. மாடு, ஆடு, தோட்டம், சமையல் எனப் பல குழுக்கள் இருக்க, குதிரைக் குழுவும் ஒன்று. குதிரை சொந்தமாக இல்லாத பிள்ளையைச் சேர்ப்பார்களா என்பது குழுவுக்குக் குழு மாறும். ஆகவே முதலில் கேட்டுவிடுங்கள். கூட்டத்தில் எழுந்து பேசவும், குறிப்பு எழுதவும், தலைமை தாங்கவும் பழக்குவது இதன் தனிச்சிறப்பு. ஆங்கிலத்தில் வாய் திறக்கக் கூச்சப்படும் எமது பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஏறுமுன் என்ன நடக்கும்?

முதல் வகுப்பில் பிள்ளை பாய்ந்து ஏறிக் குதிரையை ஓட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஏறுமுன் உடலைத் தேய்த்துத் துப்புரவாக்க வேண்டும். குளம்பைத் தூக்கி, உள்ளே சிக்கிய கல்லையும் மண்ணையும் கிண்டி எடுக்க வேண்டும். சேணம் போட்டு வயிற்றுப் பட்டியை இறுக்கப் பழக வேண்டும். இறங்கிய பிறகு மீண்டும் தேய்த்து, தண்ணீர் காட்டி, சாணம் அள்ள வேண்டும். "இதற்கோ காசு கட்டினோம்?" என்று ஒரு தகப்பனார் எம்மிடம் கேட்டார். ஆம், இதற்கும்தான். வீட்டில் கோப்பை கழுவச் சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளை, அங்கே முழங்கால் வரை சேற்றில் நின்று வாளி சுமப்பதை அவரே பின்னர் கண்டார்.

குதிரை கூட்டமாக வாழும் மிருகம். ஆபத்து என்று எண்ணினால் ஓடிவிடும் இயல்புடையது. கத்தினால் மிரளும். பின்னால் சத்தமின்றிப் போனால் உதைக்கும். ஆகவே அதனோடு பழகும் பிள்ளை, தன் கையையும் குரலையும் மூச்சையும் அடக்கப் பழகவேண்டியிருக்கிறது. குதிரைக்கு உச்சரிப்புத் தெரியாது. தமிழோ ஆங்கிலமோ என்று அது பார்ப்பதில்லை. காலின் அழுத்தமும் கடிவாளவாரின் அசைவும்தான் அதற்கு மொழி. வகுப்பறையில் பின்வாங்கில் ஒதுங்கியிருந்த பிள்ளை ஒன்று, இந்த மொழியில் முதலாவதாக நிற்கக்கூடும்.

போட்டிகளைப் புரிந்துகொள்ள

பார்க்கப் போகிறவர்களுக்கு விதிகள் தெரிந்தால் சுவை கூடும்.

தடைதாண்டல்: மைதானத்தில் வைத்திருக்கும் தடைகளை உரிய ஒழுங்கில் தாண்ட வேண்டும். ஒரு தடி விழுந்தால் 4 பிழைப் புள்ளிகள். பிழை குறைந்தவரே முன்னணியில் நிற்பார். சமமானால் நேரம் தீர்மானிக்கும்.

டிரெசாஜ்: பரதநாட்டியத்தில் அடவுகள் போல, எழுத்துகள் குறித்த மைதானத்தில் சொன்ன இடத்தில் சொன்ன நடையைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை புள்ளி. வேகத்துக்கு இங்கே வேலை இல்லை.

ஈவென்ரிங்: மேற்சொன்ன இரண்டோடு, காடு மேடு தாண்டும் திறந்தவெளி ஓட்டத்தையும் சேர்த்த மூன்று கட்டப் போட்டி.

இவற்றைவிட, சவாரியின் அழகையும் ஒழுங்கையும் பார்த்து நடுவர் தீர்ப்புச் சொல்லும் போட்டிகளும், மூன்று பீப்பாய்களைச் சுற்றி ஓடும் மேற்கத்தைய பாணிப் போட்டியும் உண்டு. கனடாவில் முதலிடத்துக்குச் சிவப்பு நாடா, இரண்டாமிடத்துக்கு நீலம், மூன்றாமிடத்துக்கு வெள்ளை. அமெரிக்கப் படங்களில் நீலத்தை முதலிடமாகக் கண்டு பழகிய பிள்ளை, நீல நாடா வாங்கிவிட்டு முதற் பரிசு என்று துள்ளினால், மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் தமது லாயத்திலேயே நடக்கும் சிறு பயிற்சிப் போட்டியில்தான் தொடங்குவார்கள். அதற்கு மேல் மாகாண மட்டத்தில் 'திரில்லியம்' போட்டிகள் உண்டு. உச்சத்தைப் பார்க்க விரும்பினால், நவம்பர் மாதத்தில் ரொறன்ரோ எக்ஸிபிஷன் பிளேசில் நடக்கும் றோயல் விவசாயக் கண்காட்சிக்குப் போகலாம். 1922 இல் தொடங்கிய அக்கண்காட்சியின் குதிரைப் போட்டி பெயர் பெற்றது. அருகில் என்றால், 1844 இலிருந்து வரலாறு கொண்ட மார்க்கம் கண்காட்சி ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் நடக்கிறது.

இவ்விளையாட்டில் ஒலிம்பிக்கிலும் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் சமமாக மோதுகின்றனர். 1952 இல் பெண்களுக்கு டிரெசாஜ் போட்டியில் முதன்முறை இடம் கிடைத்தபோது, இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழ் செயலிழந்திருந்த டென்மார்க் பெண் லிஸ் ஹார்ட்டெல் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். வயதும் இங்கு தடையல்ல. கனடாவின் இயன் மில்லர் 1972 தொடக்கம் 2012 வரை பத்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்குபற்றினார். தமது முதற் பதக்கத்தை 2008 இல், 61 வயதிலேயே பெற்றார். இலங்கையில் பிறந்து சுவீடன் நாட்டுக் குடும்பத்தில் வளர்ந்த மத்தில்டா கார்ல்சன், 2021 இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகத் தடைதாண்டலில் இறங்கினார்.

செலவை மறைக்க மாட்டோம்

இது மலிவான பொழுதுபோக்கு அல்ல. எமது பகுதியில் இன்று ஒரு வகுப்பு ஐம்பது டொலருக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. குதிரையை லாயத்தில் நிறுத்தி வளர்க்க மாதாமாதம் பல நூறு டொலர் வேண்டும். லாடம் அடிப்பவருக்கும் மிருக வைத்தியருக்கும் வேறாகக் கொடுக்க வேண்டும். இரண்டு வேலை செய்து, ஊரிலுள்ள உறவுகளுக்கும் அனுப்பும் குடும்பத்துக்கு இது பெரும் பாரம். ஆகவே எமது ஆலோசனை இதுதான்:

குதிரை வாங்க அவசரப்படாதீர்கள். லாயத்துக் குதிரையிலேயே ஆண்டுக்கணக்கில் பழகலாம். பிள்ளை நன்கு தேறிய பின்னர், ஒரு குதிரையை வாரத்தில் சில நாட்கள் பங்குக்கு எடுக்கும் முறையும் உண்டு.

தனி வகுப்பைவிடக் குழு வகுப்பு மலிவு. வளர்ந்த பிள்ளைகள் லாயத்தில் வேலை செய்து வகுப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழிக்கச் சில பண்ணைகள் இடம் கொடுக்கின்றன. கேட்பதில் வெட்கமில்லை. எத்தனை மணி வேலைக்கு எவ்வளவு கழிவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சப்பாத்தும் காற்சட்டையும் பழையதாக வாங்கலாம். தலைக்கவசத்தை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். ஒருமுறை அடிபட்ட கவசத்தின் உள்வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

கோ ரயில் ஸ்ரௌவ்வில் நகர் வரை வரும். பண்ணைகளுக்குக் கார் இல்லாமல் முடியாது. இரண்டு மூன்று குடும்பங்கள் முறைவைத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினால் நேரமும் காசும் மிச்சம்.

விழுந்தால்?

தாய்மாரின் முதற் கேள்வி இதுதான். விழுவது நடக்கும். ஒரு சிறுமி சவாரியின்போது உயிரிழந்த சோகத்தை அடுத்து, 2001 இல் ஒன்ராறியோ குதிரைச் சவாரிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி, சவாரி கற்பிக்கும் அல்லது குதிரை வாடகைக்கு விடும் இடங்களில் 18 வயதுக்குட்பட்ட எவரும் தரச்சான்று பெற்ற சவாரித் தலைக்கவசம் அணிய வேண்டும். சப்பாத்துக்குக் குறைந்தது ஒன்றரைச் சென்ரிமீற்றர் குதி இருக்க வேண்டும். குதி இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் வழுகிச் சிக்கி, விழுந்த பிள்ளையைக் குதிரை இழுத்துச் செல்லக்கூடும். சைக்கிள் தலைக்கவசமும் ஓடும் சப்பாத்தும் இங்கே உதவா. தலையில் அடிபட்டால், "ஒன்றுமில்லை" என்று பிள்ளை சொன்னாலும் அன்று மீண்டும் ஏற விடாதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள்.

சேர்க்குமுன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பயிற்சியாளர் தகுதிச் சான்று பெற்றவரா? முதலுதவி தெரியுமா? பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான பொலிஸ் சரிபார்ப்பு உண்டா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? குதிரைகளின் விலா தெரிகிறதா? தொட்டியில் சுத்தமான தண்ணீர் இருக்கிறதா? குதிரையைக் கவனிக்காத இடம் பிள்ளையையும் கவனிக்காது.

கையெழுத்து வாங்கும் படிவத்தையும் வாசிக்காமல் போடாதீர்கள். விபத்து நடந்தால் வழக்குத் தொடரமாட்டோம் என்ற பொருளில் அதில் வாசகம் இருக்கும். விளங்காவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய், ஆங்கிலம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கொண்டு வாசியுங்கள். ஒன்ராறியோ குதிரைச் சவாரி அமைப்பின் ஆண்டு அங்கத்துவத்தோடு காப்புறுதியும் சேர்ந்து வரும். அதையும் விசாரியுங்கள். வைக்கல் தூசி ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையும் மறக்க வேண்டாம்.

காசில்லாத வீட்டுக்கும் ஒரு வழி

வகுப்புக் கட்டணமே முடியாது என்றாலும் கதவு மூடப்பட்டதாக எண்ண வேண்டாம். ஒன்ராறியோவில் உயர்தரப் பாடசாலைச் சான்றிதழ் பெற 40 மணிநேரச் சமூக சேவை செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்குக் குதிரைச் சவாரி மூலம் பயிற்சி தரும் சேவை நிலையங்களுக்குத் தொண்டர்கள் எப்போதும் தேவை. ரொறன்ரோவில் 1969 இலேயே இதற்கென ஓர் அமைப்பு உருவானது. குதிரையைப் பிடித்து நடத்துவதும், சவாரி செய்யும் பிள்ளையின் அருகே நடந்து தாங்குவதும் தொண்டரின் வேலை. குதிரை ஏறாமலே குதிரையைக் கற்கலாம். வேறொரு பிள்ளைக்கு உதவியதாகவும் இருக்கும்.

அங்கிருந்து தொழிலுக்கும் பாதை உண்டு. 1862 இல் ரொறன்ரோவில் தொடங்கி, இன்று குவெல்ப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஒன்ராறியோ மிருக வைத்தியக் கல்லூரி இந்நாட்டின் மிகப் பழைய மிருக வைத்தியக் கல்லூரியாகும். வைத்தியர், பொறியியலாளர் என்ற இரண்டு சொற்களுக்கு வெளியே எமது பிள்ளைகளைச் சிந்திக்க விடாத நாம், 'மிருக வைத்தியர்' என்று ஒரு சொல்லையாவது சேர்த்துக்கொள்ளலாம்.

புகலிடம் தந்த நாட்டில் எமது கோயில், எமது கடை, எமது வகுப்பு என்று கட்டி எழுப்பியிருக்கிறோம். அது தேவைதான். அதேவேளை எமது வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் வயலை வாழ்நாள் முழுவதும் காரிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தால், பிள்ளைகளும் தங்களை இந்த மண்ணின் விருந்தாளிகள் என்றே நினைப்பார்கள். அடுத்த முறை பின் ஆசனத்தில் "குதிரை!" என்று குரல் கேட்டால், ஒரு தடவை காரை நிறுத்தி, அனுமதி கேட்டு உள்ளே போய்ப் பாருங்கள். வீட்டில் ஊர்ப் பெரியவர் ஒருவர் இருந்தால் அவரையும் கூட்டிச் செல்லுங்கள். முதற் பாடம் அவருக்குத் தெரிந்திருக்கவும் கூடும்.